ஜானவாசத்தன்று இன்ஜின் சூடான விவரம்

மேற்கு மாரெட்பள்ளி,
செகந்திராபாத்.
ஐப்பசி மாதம், திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஸ்ரீ அனந்தராமன் அவர்கள் சமூகத்திற்கு, கிருஷ்ணமூர்த்தி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சாந்தாவும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதியிருக்கிறேன். அவ்விடம் தாங்களும் சம்பந்தி மாமியும் மாப்பிள்ளை ஜெயந்தும் எங்கள் பெண் ஹம்சாவும் சௌக்கியமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். திருச்சியை விட்டு இதே ஹைதராபாத்தில் கொண்டாப்பூரில் பிள்ளையுடன் வந்து இருக்கும் தங்களுக்கு, அதே ஊரில் இருந்துகொண்டு நான் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுவானேன் என்று தாங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் தாங்கள் 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுகிறீர்கள். அதுவும் 'யார், கிருஷ்ணமூர்த்தியா? ராங் நம்பர்' என்று பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு வைக்கிறீர்கள். என் பெண்தான், 'அப்பா, லெட்டர் எழுது, மாமனார் லெட்டர்னா ரெஸ்பெக்ட் பண்ணுவார், கண்ணாடி போட்டுண்டு கடைசி வரைக்கும் படிச்சிட்டுத்தான் கோபப்படுவார்' என்று சொன்னாள். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 'அந்தக் கார் நிற்கிற வாசலை என் பிள்ளை மிதிக்க மாட்டான்' என்று தாங்கள் சாப்பாட்டு மேஜையில் சொன்னதாக ஹம்சா மூலம் தகவல் வந்தது. வருகிற வாரம் தலைதீபாவளி. எங்களுக்கு இருப்பது ஒரே பெண். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை பெண்ணின் பிறந்தகத்துக்கு வரவில்லை என்றால் இந்த மாரெட்பள்ளியில் நாங்கள் எந்த முகத்தோடு காய்கறி வாங்கப் போவது? சாந்தா லேகியம் கிளறி வைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு வேஷ்டி எடுத்தாயிற்று. இப்போது தங்கள் வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. காலைக் காப்பியைக்கூடக் கொண்டுபோய்க் கார் மேல் வைத்துவிட்டு, 'உங்க மனுஷா அங்கதானே இருக்கா, அங்கேயே குடியுங்கோ' என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்கிறாள். அதனால் ஜானவாசத்தன்று நடந்தது என்ன என்பதைத் தாங்கள் ஒரு தரம் முழுவதுமாகக் கேட்டால், என் மேல் இருக்கும் கோபம் பாதியாகும், மீதிப் பாதி தங்கள் தம்பி ஜெகநாதன் மேல் போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்று. அந்தக் காரில் ஜானவாசம் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான் அல்ல. நிச்சயம் பேச வந்த அன்று தாங்கள் எங்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தவர், ஷெட்டில் நின்ற என் பழைய ஃபோக்ஸ்வாகனைப் பார்த்தீர்கள். எதிர் வீட்டு எலிசபெத் டீச்சர் ஊரை விட்டுப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பீட்டில் வண்டி அது. மேலே கித்தான் கூரை, மடக்கிவிட்டால் வானம் தெரியும். 'எங்க வம்சத்துல மாப்பிள்ளையைத் திறந்த கார்லதான் அழைக்கிறது. இதுவே இருக்கே, எதுக்கு வாடகைக்கு எடுக்கணும்' என்று தாங்கள் சொன்னீர்கள். அப்போது அந்தக் காருக்கு இன்ஜினே இல்லை. அது பிரித்த நிலையில், பழைய பேப்பர் மேல், எங்கள் வீட்டுப் பூஜை அறைக்கு வெளியே கிடந்தது. இந்தத் தகவலைத் தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் பெண்ணைப் பெற்றவன், பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்கிற முதல் விஷயத்துக்கே முடியாது என்று எப்படிச் சொல்வான்? 'பேஷா' என்று சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முதல் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்து, பாலாநகர் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில்கூடக் காட்டாத சுறுசுறுப்போடு, புது பிஸ்டன், புது ரிங், புது சிலிண்டர் எல்லாம் போட்டு இன்ஜினைப் பூட்டி முடித்தேன். ஓடவும் ஓடிற்று.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. வெறும் காற்றில் ஆறுகிற இன்ஜின். அதுவும் காருக்குப் பின்னால் இருக்கிறது. பின் கண்ணாடிக்குக் கீழே சீப்புப் பல் மாதிரி வெட்டியிருக்கும் துவாரங்கள் வழியாகத்தான் அதன் விசிறி காற்றை இழுக்க வேண்டும். புதிதாகப் பூட்டிய இன்ஜினுக்கு ரன்னிங் இன் என்று ஒன்று உண்டு. பிள்ளை பெற்ற உடம்புக்குப் பத்தியம் வைக்கிறோம் அல்லவா, அப்படி. உள்ளே ரிங்கும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று தேய்ந்து, பழகி, பொருந்தி வர வேண்டும். அதுவரை நின்ற இடத்தில் உறும விடக் கூடாது. ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது. மேல் கியரில் முக்க விடக் கூடாது. பாரம் ஏற்றக் கூடாது. வேகத்தைக் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டி, வெட்டவெளி ரோட்டில் நன்றாகக் காற்று வாங்க விட வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியதும் எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும், வால்வு இடைவெளியை இன்ஜின் ஜில்லென்று ஆறியிருக்கும் விடியற்காலையில் சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், நடக்கிற வேகத்தில் மணிக்கணக்காக உருட்டவே கூடாது. ஜானவாசம் என்பதோ, நாதஸ்வரக்காரர் முன்னே வாசிக்க, மாப்பிள்ளை ஏறிய கார் அவர் பின்னால் நடக்கிற வேகத்தில், சில இடங்களில் நடக்காத வேகத்தில், உருளுவது. தாங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஆகவே முகூர்த்தத்துக்கு முன்பாகவே இன்ஜினைப் பழக்கிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். ஆனால் கல்யாண வீட்டில் வேலையத்துக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று சாந்தா சொல்வாளே, அதனால் பத்திரிகை கொடுக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். உறவுக்காரர்கள் எல்லாம் கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிறார்கள், அதில் இன்ஜின் எப்படிப் பழகும்? மேட்சல் ரோடு நன்றாக இருக்கும், போனேன். போன பிறகு யாருக்காவது கொடுத்தால்தானே வீட்டில் கணக்குச் சொல்லலாம்? டீக்கடைக்காரருக்குக் கொடுத்தேன். சங்காரெட்டிப் பக்கம் போனபோது ஒரு பஞ்சாபி தாபா முதலாளிக்கு, குடும்ப சமேதராக வரணும் என்று மஞ்சள் தடவிக் கொடுத்தேன். சாமிர்பேட்டை ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்தேன். கொண்டாப்பூர்ப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களின் காவலாளிகளில் என் பத்திரிகை வாங்காதவர் இல்லை. இவர்கள் எல்லாரும் வருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஹைதராபாத் ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள் சார், கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள். இரண்டாம் பந்தியில் தங்கள் தாயாதிகள் இலைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்ததற்கும், பாயசம் தீர்ந்துபோனதற்கும், தங்கள் ஒன்றுவிட்ட அக்கா பக்கத்து இலையில் ஒரு சர்தார்ஜி ரசம் சாதத்தை ரசித்துச் சாப்பிட்டதற்கும் காரணம் இதுதான். சமையல்காரரைக் குறை சொல்லாதீர்கள், பாவம்.

அதே காலத்தில் சீர்ப் பாத்திரங்கள் வாங்கப் போன சாந்தாவைக் கடை வாசலில் விட்டுவிட்டு, பாத்திரத்தை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு வா, இன்ஜினுக்குப் பாரம் ஆகாது என்று நான் முன்னால் வந்துவிட்டது உண்மை. மேட்டில் ஏறும்போது அவளை இறங்கி நடக்கச் சொன்னதும் உண்மை. முதல் எண்ணெயை வடிக்க அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அந்த சீர் அண்டாதான். சாந்தா புளி, சாம்பல், சீயக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்துத்தான் அனுப்பினாள். ஆனாலும் மாமி அதில் வெந்நீர் போட்டபோது பெட்ரோல் பங்க் வாசனை வருகிறது என்று சொன்னதாக ஹம்சா சொன்னாள். வேறு அண்டா வாங்கி வைத்திருக்கிறேன்.

இனி அந்த மாலை. வைகாசி வெயில் தங்களுக்கே தெரியும், தார் ரோட்டில் அப்பளம் பொரிக்கலாம். கோயில் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு நான் வேஷ்டி மாற்றிக்கொள்ளப் போனேன். அந்த நேரத்தில் தங்கள் தம்பி ஜெகநாதன் பூக்காரனை வைத்துக் காரை அலங்காரம் செய்திருக்கிறார். எல்லாக் காருக்கும் முன்னால் இன்ஜின், பின்னால் டிக்கி என்று அவருக்கு நினைப்பு. டிக்கி மேல் என்ன போட்டால் என்ன என்று, மல்லிகையும் சாமந்தியும் நெருக்கிக் கட்டிய ஒரு பெரிய பூப்பாயை, ஈ எறும்பு நுழைய இடமில்லாமல், பின்பக்கம் முழுக்கப் போர்த்திக் கட்டிவிட்டார். காற்று இழுக்கும் துவாரங்கள் அத்தனையும் அதற்கு உள்ளே. நான் வந்து முன் கதவைத் திறந்து ஏறியவன் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. ஜெயந்த் கோட்டும் சூட்டும் மாலையுமாகக் கித்தான் கூரைக்கு மேலே தலையை நீட்டி நின்றார். முழங்கால் வலியால் நடக்க முடியாத சம்பந்தி மாமி பின் சீட்டில் உட்கார்ந்தார். தாங்கள் அங்கவஸ்திரத்தோடு நாதஸ்வரத்துக்கு முன்னால் நடந்தீர்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தது.

முதல் தெரு திரும்புவதற்குள் எனக்கு மல்லிகை வறுபடுகிற வாசனை வந்தது. நாதஸ்வரக்காரர் தெருமுனைக்குத் தெருமுனை நின்று ராகம் விஸ்தாரம் செய்கிறார். தாங்களோ ஒவ்வொரு ராகத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போடுகிறீர்கள். எனக்கு முதுகுக்குப் பின்னால் இன்ஜின் இருமுகிறது. ஸ்டியரிங்குக்கு எதிரே இருக்கும் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டிற்று. அப்புறம் சிமிட்டுவதை நிறுத்திவிட்டு விழித்துப் பார்த்தது. அந்த விளக்கு எரிந்தால் இன்னும் சில நிமிஷங்களில் பிஸ்டன் இறுகிப்போய்க் கார் நின்றுவிடும். ஜானவாசக் கார் நடுவழியில் நிற்கக் கூடாது, அபசகுனம் என்று தாங்கள் காலையிலேயே ஆள் விட்டுச் சொல்லியிருந்தீர்கள். நிறுத்தினால் அபசகுனம், உருட்டினால் இன்ஜின் போச்சு. மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது. ஒரே ஒரு சின்னச் சுற்று வேகமாகப் போய்க் காற்று வாங்கிவிட்டு, அடுத்த முனையில் வந்து ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டால், ராகம் முடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, பக்கத்துச் சந்தில் திருப்பி ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

சந்து பெரிய ரோட்டில் போய் விழுந்தது. அங்கே இடது பக்கம் மேம்பாலத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள், வலது பக்கம் ஒருவழிப் பாதை. மணிக்கூண்டுப் பக்கம் திருப்பலாம் என்றால் போலீஸ்காரர் கையைக் காட்டி நேரே போ என்கிறார். கூரைக்கு மேலே மாலையோடு நிற்கிற மாப்பிள்ளைக்கு சல்யூட் வேறு அடித்தார். பாரடைஸ் ஹோட்டலைத் தாண்டும்போது அந்தப் பூப்பாய் கழன்று பறந்துபோய், பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் மேல் விழுந்தது. அவர் அதைப் போர்த்திக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். அந்த நிமிஷத்திலிருந்து இன்ஜினுக்கு மூச்சு வந்தது பாருங்கள். விளக்கு அணைந்தது. ராணிகஞ்ச் இறக்கத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன், அப்படி ஒரு சத்தத்தை என் காது கேட்டதில்லை. ஏரிக்கரை ரோடான டேங்க் பண்ட் வந்துவிட்டது. ஏரிக் காற்று. வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், கூட்டினேன். அப்போதுதான் மாப்பிள்ளை கூரையிலிருந்து குனிந்து, 'மாமா, நாதஸ்வரம் கேக்கலையே' என்றார். 'பின்னாடி வந்துண்டே இருக்கா, நீங்க நன்னாப் பிடிச்சிண்டு நில்லுங்கோ' என்று சொன்னேன். மாப்பிள்ளையிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

இங்கே தங்களுக்கு நேர்ந்ததைச் சாந்தா சொல்லித்தான் அறிந்தேன். ராகம் முடிந்து தாங்கள் கண்ணைத் திறந்து திரும்பினால் கார் இல்லை. தவில்காரர் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பான் கடைக்காரர், 'க்யா சாப், துல்ஹா பாக் கயா கியா?' என்று கேட்டிருக்கிறார். தங்களுக்கு ஹிந்தி வராது. கல்யாண விஷயமாக ஏதோ விசாரிக்கிறார் என்று நினைத்து, சிரித்தபடி, 'ஹாஜி, ஹாஜி' என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை ஓடிவிட்டாரா என்று அவர் கேட்டார், பிள்ளையைப் பெற்ற தாங்களே ஆமாம் என்று சொல்லிவிட்டீர்கள். அவ்வளவுதான். 'ஹவ், ஆமாம், அவரோட அப்பாவே சொன்னாராம்' என்று செய்தி தங்களை முந்திக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டது. சமையல்கட்டில் அடுப்பை அணைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். என் மைத்துனி மயக்கம் போட்டாள். ஹம்சாவிடம் போய் யாரோ அழுதுகொண்டே சொன்னதற்கு அவள், பின்னிய ஜடையைக்கூட அசைக்காமல், 'அப்பா கார் எங்க இருக்கு?' என்று கேட்டிருக்கிறாள். அதுவும் காணோம் என்றதும், 'அப்ப ரெண்டு பேரும் வந்துடுவா, நக்கோ டென்ஷன், கவலையே வேண்டாம், பூ வெச்சு விடு' என்றாளாம். அவள் என் பெண். நாங்கள் திரும்பி வந்தபோது மண்டப வாசலில் தாங்கள் ஒற்றைச் செருப்போடு நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. 'என் பிள்ளையைக் கடத்திண்டா போனேள்?' என்று அத்தனை பேர் நடுவில் கேட்டீர்கள். நான் இன்ஜின் சூடாகிவிட்டது என்றேன். அந்த நேரத்தில் அது சரியான பதில் இல்லை என்று இப்போது புரிகிறது.

தங்கள் குடும்பத்துக்கு அந்த அரை மணி நேரத்தில் நேர்ந்த தலைகுனிவு சிறியது அல்ல. அதற்காக நான் மனதார வருந்துகிறேன். இன்ஜினும் தப்பவில்லை. பூப்பாயின் சூட்டில் சிலிண்டர் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப் புகை தள்ள ஆரம்பித்துவிட்டது. மறுபடி பிரித்து, மறுபடி பூட்டி, போன வாரம்தான் முடித்தேன். புது இன்ஜின், ரன்னிங் இன் மறுபடி முதலிலிருந்து. ஆனால் அதைப் பழக்குகிற பாக்கியம் எனக்கு இல்லை. காரைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பழைய சகா நாராயணஸ்வாமி ஓர் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறார், வியாழக்கிழமை வந்து எடுத்துப் போகிறார். எனக்கு அந்தக் கார் மேல் பிரியம் இல்லை என்று எழுதினால் பொய். ரிட்டயரான பிறகு காலையில் எழுந்திருக்க எனக்கு இருந்த ஒரே காரணம் அதுதான். ஆனால் தலைதீபாவளிக்கு என் பெண் இந்த வாசலில் வந்து இறங்கவில்லை என்றால் அப்புறம் எழுந்திருந்துதான் என்ன? வெள்ளிக்கிழமை காலை வந்து பாருங்கள், ஷெட்டில் ஒரு சைக்கிள்கூட இருக்காது. தாங்கள் பெரிய மனசு பண்ணிப் பிள்ளையையும் பெண்ணையும் அனுப்பி வைக்க வேண்டும்.

மாமிக்கு என் நமஸ்காரங்கள். மாப்பிள்ளைக்கும் ஹம்சாவுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தீபாவளி தங்கள் இல்லத்தில் குறைவில்லாமல் நடக்கட்டும். பதில் எப்படியானாலும் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
கிருஷ்ணமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜெயந்தும் சம்பந்தி மாமியும். கோயிலுக்கு என்று தங்களிடம் சொல்லிவிட்டு வந்தார்களாம். மாமி நேரே ஷெட்டுக்குப் போய்க் காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். 'இதை யாருக்கும் குடுக்கப் படாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவர் என்னை வேகமா ஒரு இடத்துக்கும் கூட்டிண்டு போனதில்லை. அன்னிக்கு அந்த ஏரிக்கரையில அடிச்சது பாருங்கோ, அதுதான் எனக்கு முதல் காத்து' என்றார். அப்படியானால் தானே விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார் ஜெயந்த். மாப்பிள்ளைக்கு நான் எதையும் விற்பதாவது? தலைதீபாவளிச் சீர் என்று சாவியை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன். சாந்தா என்னோடு பேசிவிட்டாள். நாராயணஸ்வாமியின் ஆளை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவர்கள் இரண்டு பேரும் இப்போதுதான் கிளம்பிப் போனார்கள், கொஞ்சம் சுற்றிக்கொண்டு, சாமிர்பேட்டை வழியாக. தலைதீபாவளிக்கு அதிலேயே வருகிறார்கள், மாமியும் கூட. தாங்களும் வரலாம், பின் சீட்டில் இடம் இருக்கிறது. இந்தக் கடிதம் தங்கள் கையில் கிடைக்கும்போது அந்தக் கார் கொண்டாப்பூரில் தங்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கும். அது நிற்கிற வாசலைத் தங்கள் பிள்ளை மிதிப்பதில்லை என்று தாங்கள் சொல்லியிருப்பதால், தீபாவளி முடிந்து மாப்பிள்ளையை எந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பது என்பதை மட்டும் மறு தபாலில் தெரிவிக்கவும்.